தேசம்மாவின் "போனா போவுது"

காசிமேட்டில் மீன் விற்ற தேசம்மா எதற்கும் "போனா போவுது, வுடு" என்பாள். பேரம் பேசுகிறவர்களிடம் சொன்னால் ஒரு மீன் கூடுதலாகக் கிடைக்கும். மாமியாரைப் பற்றிச் சொன்னால் கோபம் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். பானையை உடைத்துவிட்டு அழுத மகளை அணைத்துக்கொண்டும் அதையேதான் சொன்னாள்.

ஐப்பசிப் புயலில் அவள் புருஷன் கோதண்டம் கட்டுமரத்தோடு போனான். உடல் கிடைக்கவில்லை. பதினைந்தாம் நாள் குப்பத்துப் பெரியவர் வந்தார்.

"நாளிக்கு காரியம் பண்ணி தாலிய எடுத்துடலாம்மா."

"எம்புள்ளயே பூட்டான், இவ பூ வெச்சிகினு கீறா பாரு," என்று மாமியார் கத்தினாள்.

அவளோடு மீன் விற்கிற நாங்கள் வாசலில் நின்று தேசம்மாவின் வாயையே பார்த்தோம். வழக்கமான சொல் வரவில்லை.

"பொணத்தக் காட்டு நைனா, கயட்டுறேன்," என்றாள்.

மறுநாள் கரையில் அவளுக்கு யாரும் மீன் கொடுக்கவில்லை. காரியம் முடியாத வீட்டுக் கூடையில் மீனைப் போட்டால் தங்கள் கட்டுமரமும் திரும்பாது என்று ஆண்கள் பயந்தார்கள். ஒவ்வொரு மரமாகப் போய்க் கேட்டாள். கடைசியில் என் அண்ணனிடம் வந்தாள். அவன் வலையை உதறுவதுபோல் திரும்பிக்கொண்டான். அவன் தந்த மீன் என் கூடை நிறைய இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிச் சந்தைக்கு நடந்தேன்.