போட்ஸ்வானாவில் ஒரு அமாவாசை

டூர் நடத்துகிறவனுக்குச் சொந்தமாகப் பசி வரக்கூடாது. கூட வருகிறவர்களின் பசியைத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் என்னைப்போல் வந்து சிக்கிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! காஞ்சிபுரம் பக்கத்துச் செவிலிமேட்டிலிருந்து காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்தவன், ஆசை யாரை விட்டது, ஆப்பிரிக்காவுக்கும் ஆள் சேர்த்தேன்.

புக்கிங்

முதலில் வந்தது ஏகாம்பரம் அண்ணன் குடும்பம். அண்ணன் பட்டு நெய்கிறவர். மனைவி விஜயா அக்கா. கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் மகள் ப்ரீத்திதான் அப்பா அம்மாவைக் காட்டில் டென்ட் போட்டுத் தங்கவைத்துச் சிங்கம் காட்ட ஆசைப்பட்டாள்.

அண்ணன் வரும்போதே காலண்டரோடு வந்தார். ஐந்தாம் நாள் அமாவாசை. போன வருஷம் அவருடைய அப்பா தவறிப்போனார். அன்றிலிருந்து ஒரு அமாவாசை விடாமல் காக்காய்க்குச் சோறு வைக்கிறார். காக்காய் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை. "அங்க காக்கா இருக்குதா?" என்றார். "காக்கா இல்லாத ஊர் உலகத்துலயே கிடையாதுண்ணா" என்று அடித்துவிட்டேன். அவர் காலண்டரைச் சுருட்டினார்.

"இல்லன்னு வச்சிக்கோ, அன்னிக்கு எங்களோட நீயும் பட்டினிதாம்பா."

யானை

முதல் நாள் காலையிலேயே டென்ட்டுக்குப் பத்தடியில் ஒரு யானை வந்து நின்றது. எங்கள் வழிகாட்டி டெபோகோ அந்த ஊர்க்காரர். அசையாதீர்கள் என்று சைகை காட்டினார். நான் அப்படியே மரமாகிவிட்டேன். விஜயா அக்காவோ செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, தலை குனிந்து நின்றுவிட்டார். எங்கள் ஊர்க் கோயில் யானையிடம் நிற்பதுபோல!

யானை அக்காவை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு காதை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். அக்கா கண்ணைத் திறந்தார். முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

"ஆசீர்வாதம் பண்ணாமயே போவுது பாரு. பாகன் இல்லாம வளந்தா இப்படித்தான்."

சிங்கம்

மூன்றாம் நாள் சிங்கமே கிடைத்தது. ஜீப்பில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மட்டும் போனை நீட்டிப் பிடரியைத் தனியாக, உடம்பைத் தனியாக, பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தார். பயமே இல்லையா அண்ணா என்று காதோடு கேட்டேன்.

"உடம்பு சந்தனக் கலர், முந்தி காப்பிக்கொட்டை. முகூர்த்தத்துக்கு நல்லா ஓடும்பா இது."

அமாவாசை

வந்தே விட்டது ஐந்தாம் நாள். நாலு நாளாக நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுகு, கொக்கு, பெயர் தெரியாத நீலக் குருவி எல்லாம் இருந்தன. காக்காய் மட்டும் இல்லை. விஜயா அக்கா முகாம் அடுப்பில் சாதமும் பருப்பும் பூசணிக்காய்க் கூட்டும் செய்து முடித்தார். மிருகங்களுக்குச் சோறு வைக்கக்கூடாது என்பது முகாமின் கண்டிப்பான சட்டம். டெபோகோ தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அண்ணன் ஒரு பாறையில் இலையைப் போட்டு, "கா... கா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

வந்தது காக்காய் இல்லை. நாய்போல மூஞ்சி நீண்ட பெரிய குரங்கு. சாதத்தை இலையோடு சுருட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஓடிவந்த டெபோகோ தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை நடந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்களாம். பசி தாங்காத ப்ரீத்தி, "ஆஞ்சநேயரே வந்து சாப்ட்டாருன்னு நெனச்சிக்கோப்பா" என்று கெஞ்சினாள்.

"ஆஞ்சநேயருக்கு சனிக்கிழமை வச்சிக்கலாம். இது எங்கப்பாவுக்கு."

வெள்ளை

மணி இரண்டாகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. அண்ணன் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை. எனக்கு வயிற்றை விட மனசுதான் அதிகமாக வலித்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அழைத்து வந்தவன் நான்தானே! டெபோகோவிடம் என் ஓட்டை இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவுக்கா?" என்று மட்டும் கேட்டார். உடனே ஜீப்பை எடுத்தார்.

காட்டின் கேட்டைத் தாண்டி அவருடைய கிராமம். அவர் வீட்டுச் சுற்றுச்சுவரில் அண்ணன் சோற்றை வைத்தார். ஒரே கூப்பாடுதான், காக்காய் வந்து உட்கார்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையும் இறக்கையும் கறுப்பு. கழுத்தும் மார்பும் பளீரென்று வெள்ளை! தொலைந்தோம், இது காக்காயே இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அது நிதானமாகச் சாப்பிட்டது. அண்ணன் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"எங்கப்பாவும் வூட்ல வெள்ளை முண்டா பனியன்தாம்பா போட்டுக்கினு இருப்பாரு. வாங்க, சாப்பிடலாம்."

கண்டம் விட்டுக் கண்டம் அழைத்துப்போய் யானையும் சிங்கமும் காட்டியவன் நான். ஏகாம்பரம் அண்ணன் இன்று காஞ்சிபுரம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிவதோ ஒரு காக்காய் போட்டோவை!