வேனின் வலது விளக்கு

சீனிச்சாமி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தது சாயப்பட்டறை வேலைக்கு. ஆறு வருடம் சாயத்தண்ணீரில் நின்றதில் கால் புண்ணாகிப்போனது. அதன்பிறகு கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்து, அங்கே கற்ற ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டு அருள்புரம் ரோட்டோரம் தகரக் கூரை போட்டு உட்கார்ந்தான். வெயில் தின்று மஞ்சளாகி, புகை படிந்ததுபோல் மங்கிய வண்டி விளக்குகளைத் தேய்த்துத் தெளிய வைப்பது. டிரைவர்கள் அவனைக் கண் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் முரடாகவும் பிறகு மெதுவாகவும் தேய்ப்பான். விளக்கிலிருந்து மஞ்சள் பால் வடியும். அப்புறம் பாலீஷ் காம்பவுண்ட் தடவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைப்பான். கடைசியாக ஒரு கை லேக்கர் பூச்சு அடிக்க வேண்டும். தேய்ப்பதில் விளக்கின் மேல்தோல் போய்விடுகிறது என்பதால் லேக்கர்தான் அதற்குப் புதுத்தோல். அது இல்லாவிட்டால் கொஞ்ச நாள் பளபளத்து, நாலு மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சளித்துவிடும்.

2007 டிசம்பரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆள் ஏற்றும் வேன் எப்.சி. பரிசோதனைக்கு முந்தின நாள் வந்தது. கூடவே வந்த மேனேஜர் சிவராஜ் லேக்கர் வேண்டாம் என்றார்.

“ஆபீசர் பாக்கற வரைக்கும் மின்னுனாப் போதுமுங்க சீனி.”

“நாலு மாசத்துல திரும்ப வந்துரும்ணே.”

“வந்தா உங்ககிட்டயே வர்றோம். நீங்களும் பொழைக்கோணுமல்லோ?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். டிரைவர் கந்தவேல் மட்டும், “ராத்திரி ஷிப்டுக்கும் நாந்தானுங்க ஓட்டறேன்,” என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

ஏப்ரலில் ஒரு காலை ஆறு மணிக்கு சிவராஜ் ஆளனுப்பினார். கம்பெனி ஷெட்டுக்குள் அதே வேன். இடது விளக்கு உடைந்து கிடந்தது. வலது விளக்கு அவன் சொன்னபடியே மஞ்சளித்திருந்தது.

“என்னண்ணே இது?”

“மாடு குறுக்க வந்துருச்சுங்க. ஒம்பது மணிக்குள்ள இந்த ஒண்ணையாச்சும் தெளிய வெச்சுக் குடுங்க.”

சீனிச்சாமி முதலில் பம்பரில் தண்ணீர் ஊற்றி அலம்பினான். துடைத்த துணி சிவந்தது. மாடு என்றால் ரத்தம் இருக்கத்தான் செய்யும். பம்பர் இடுக்கில் விரல் எதிலோ குத்தியது. பச்சை வளையல் துண்டு.

அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு, அவன் வாட்டர் பேப்பரை நனைத்தான். தெரியாமல் செய்வது என்று ஒன்று உண்டு. தெரிந்துகொள்ள மறுத்துச் செய்வது என்று இன்னொன்றும் உண்டு. அந்த முக்கால் மணி நேரம் அவன் இரண்டாவதைத்தான் செய்துகொண்டிருந்தான். வேலை சுத்தமாக அமைந்தது. லேக்கர் அடிக்க நேரமில்லை.

டீக்கடையில் எல்லாம் தெரிந்தது. முந்தின நாள் மாலை இருட்டிய பிறகு தூறலில், பனியன் செக்கிங் வேலை முடிந்து நடந்து போன மருதாள் என்ற பெண் மேல் வேன் மோதியிருக்கிறது. கந்தவேலே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அவள் பிழைக்கவில்லை. வேனை ராத்திரியே கம்பெனிக்கு எடுத்து வந்துவிட்டார்கள். விளக்கு வெளிச்சம் எட்டவில்லை, மேனேஜரிடம் மூன்று தடவை சொன்னேன் என்று அவன் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறான். ஒன்பது மணிக்கு வந்து வண்டியைப் பார்த்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர், வலது விளக்கு தெளிவாக எரிகிறது என்று தான் கண்டதை எழுதினார். கந்தவேல் பொய்யன் ஆனான்.

மே மாதம் கந்தவேலின் மனைவி மயிலாத்தாள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“ஏனுங் தம்பி, மார்கழில நீங்கதான் அந்த வேனுக்குத் தொடச்சீங்களாமா. அது எத்தன நாளைக்குங்க தாங்கும்?”

ஷெட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டது இது ஒன்றுதான். லேக்கர் இல்லாவிட்டால் நாலு மாதம் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்லும் பதில்தான்.

“அது வண்டியப் பொறுத்தும்மா,” என்றான் சீனிச்சாமி.

“செரீங்க,” என்று அவள் போய்விட்டாள்.

வேன் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. இன்சூரன்ஸ் கட்டாத வண்டி என்பதால் விடவில்லை. சீனிச்சாமி தினமும் மொபெட்டில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஜூனில் அந்த வலது விளக்கின் மேல் பால் ஏடுபோல ஒரு படலம் விழுந்தது. அடுத்த மாதம் ஓரங்கள் பழுத்தன. ஆகஸ்டில் முழுக்க மஞ்சள். மாலை வெயில் சாய்வாகப் பட்டால் யாரோ உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டதுபோல் எரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பினாலும் முதுகில் அந்த மஞ்சள் வருவதுபோல் இருக்கும். வேறு வழியாகப் போய்ப் பார்த்தான். அப்போதும் இன்றைக்கு எவ்வளவு மஞ்சளித்திருக்கும் என்றே நினைப்பு ஓடியது. மருதாளை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் தூறலில் ரோட்டோரம் டிபன் பையோடு போகும் பெண் யாரைக் கண்டாலும், எதிரே வரும் வண்டியின் விளக்கைத்தான் அவன் முதலில் பார்த்தான்.

எல்லா வண்டிக்கும் கேட்காமலே லேக்கர் அடிக்க ஆரம்பித்தான். அதனால் செத்தவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, கந்தவேலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் மனைவி பாண்டியம்மாளிடம் சொன்னான். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“கோர்ட்டுல போயிச் சொல்லி நீ என்ன கலெக்டராவா ஆகப் போற?”

“இல்ல.”

“சொல்லாம இருந்து ஒழுங்காத் தூங்குறியா?”

“அதுவும் இல்ல.”

“பெறகென்ன. போ. எனக்கும் நீ பெரண்டு படுக்கிறதப் பாத்து அலுத்துப்போச்சு.”

வேலம்பாளையத்தில் கந்தவேலின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனான். ஜாமீனில் வந்திருந்த கந்தவேல் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஷெட்டில் நடந்ததைச் சீனிச்சாமி சொன்னபோது மயிலாத்தாள் கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

“அன்னிக்கு நான் வந்தனே. அப்பவே சொல்லிப்போட்டிருக்கலாமல்லோ?”

 கந்தவேல்தான் பேசினான்.

“வெளக்கு மங்கிப்போச்சுன்னு தெரிஞ்சுதானுங்க நானும் சாவியத் திருகுனேன். தண்டனை வந்தா வரட்டும். ஆனா நான் பொய் சொல்லலைன்னு மருதா ஊட்டுக்காரருக்குத் தெரியோணும். அதுக்காகச் சொல்லுங்க.”

வக்கீல் ஞானசம்பந்தம் முதலில் பயமுறுத்தினார். “தடயத்தை அழிச்சேன்னு உன் மேலயும் கேஸ் வரலாம்ப்பா.” பிறகு விளக்கை மறுபடி பார்க்க வேண்டுமென்று மனுப் போட்டார். ஏப்ரலில் தெளிவாக இருந்த விளக்கு, யாரும் தொடாமலே ஸ்டேஷன் வாசலில் மஞ்சளித்து நிற்பதை இன்ஸ்பெக்டர் மறுபடி எழுதினார்.

சீனிச்சாமி கூண்டில் ஏறினான். விளக்கைப் பற்றிக் கேட்டார்கள். டிசம்பரில் தேய்த்ததையும், ஏப்ரலில் தேய்த்ததையும், இரண்டு முறையும் லேக்கர் அடிக்காததையும் சொன்னான். கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னான். கந்தவேல் சொன்னது பொய்யில்லை என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. மங்கிய விளக்கோடு ஓட்டியதற்குத் தண்டனை உண்டுதான், குறைவாக.

வராந்தாவில் மருதாளின் கணவர் வெள்ளையன் நின்றிருந்தார். வேட்டி கட்டிய, ஒடிசலான மனிதர். பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்றுதான் சீனிச்சாமி நினைத்தான்.

“தம்பி, ஒண்ணு கேக்கறனுங்க. அன்னிக்குக் காத்தால நீங்க தொடச்ச வெளக்கு, அவ மேல பட்ட பக்கமுங்களா, படாத பக்கமுங்களா?”

“படாத பக்கங்க. வலது பக்கம்.”

வெள்ளையன் தலையை ஆட்டிக்கொண்டார். அதில் அவருக்கு ஏதோ ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

விளக்கைப் பொறுத்தவரை அது உண்மைதான். பம்பரில் அலம்பிய ரத்தத்தையும், சாக்கடையில் போட்ட வளையல் துண்டையும் பற்றி அவரும் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை. சீனிச்சாமி அவர் பின்னால் நாலு எட்டு நடந்தான். பிறகு நின்றுவிட்டான்.