அக்கா கேட்ட வெயில்

எங்கள் அக்கா சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் எனக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். அவர் படிப்பு அதோடு நின்றது. என் படிப்பு ஏழாவதில் நின்றது. அதற்கு நானேதான் காரணம்.

கல்யாணமாகிச் சேலையூருக்கு வந்தார். மாமா கொத்தனார். தன் கையாலேயே வீட்டைக் கட்டினார். மாமா இறந்த பிறகு அக்கா சிறுசேரியில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கப் போனார். அந்தச் சம்பளத்தில் மகளைப் படிக்க வைத்தார். வேலையில்லாமல் நின்ற என்னைக் கூப்பிட்டு, வீட்டு முன்னால் பைக் மெக்கானிக் கடை போட்டுக்கொள்ளச் சொன்னார். யாரையும் கடிந்து பேச மாட்டார்.

மாமாவின் வருஷக் காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மரக்கன்று கொடுத்தோம். மிஞ்சிய ஒரு வேப்பங்கன்றை அக்கா கடைக்குப் பக்கத்தில் நட்டார். அது மாமா பேரைச் சொல்லும் என்றார். நட்டபோது அங்கே நல்ல வெயில். மழைக்காலம் வந்ததும் ரிப்பேர் வண்டிகள் நனையக்கூடாது என்று நான் கடைத் தகரத்தை நீட்டிப் போட்டேன். கன்றுக்கு மேலே இருட்டாகிவிட்டது.

அடுத்த வருஷமும் கன்று முழங்கால் உயரம்தான். குச்சி போல இளைத்து, வெளிச்சம் தேடி ரோட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. சுற்றிலும் கோரைப்புல். ஊற்றும் தண்ணீரையெல்லாம் புல்லே குடித்தது. வேலை விட்டு வந்ததும் அக்கா பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுப்பார். புல்லை அவர் பார்த்துக்கொண்டார். தகரம் என் பொறுப்பு.

"தம்பி, அந்தத் தகரத்தக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கடா. வெய்யிலே படல அதுக்கு."

"ஆயுத பூஜ முடியட்டும்க்கா."

"எந்த வருசத்து ஆயுத பூஜ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். பூஜை முடிந்தது, பொங்கலும் முடிந்தது. அக்கா எனக்கென்று செய்ததற்குக் கணக்கில்லை. என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அரை நாள் வேலை.

பிறகு சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். ஆஸ்பத்திரியிலும் கோரை மறுபடி முளைத்திருக்குமே என்று கவலைப்பட்டார். பிடுங்கிவிட்டேன் என்றேன். பிடுங்கவில்லை. அதை நம்பிக்கொண்டே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஏணியைப் போட்டுத் தகரம் முழுவதையும் கழற்றினேன். சித்திரை வெயில். ஒரு வாரத்துக்குள் கன்றின் இலையெல்லாம் வெளுத்து, கருகி, கொட்டிவிட்டது. அக்கா மகள் வந்து பார்த்தாள்.

"இன்னா மாமா இது? நெழல்லயே வளந்தத ஒரே நாள்ல வெய்யில்ல வுட்டா தாங்குமா? அம்மா கொஞ்சம்தான உள்ள இழுக்கச் சொல்லிச்சு."

கொட்டிக் கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினேன்.

அவளே உள்ளே போய் அக்காவின் நூல் புடவை ஒன்றை எடுத்து வந்தாள். நான்கு கழி நட்டுக் கன்றுக்கு மேலே கட்டினோம். காலை வெயிலுக்குத் திறப்பது, உச்சி வெயிலுக்கு மூடுவது. திறக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கோரையை நான் தோண்டுகிறேன், அதே பக்கெட்டில் உட்கார்ந்து. ஆடி மழைக்குப் பிறகு தண்டின் அடியில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. மேல்பாதி காய்ந்தது காய்ந்ததுதான்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலுக்காமல் கூட்டிப்போன ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளுக்கும், முறை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேண்டீன் பெண்களுக்கும், காரியத்தை எடுத்து நடத்திய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா மகளுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அன்று கேட்டதோடு விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

முதலாம் ஆண்டு படையலுக்கு வருகிறவர்கள் கன்றைப் பார்க்கலாம். புடவையை எடுத்துவிட்டோம். இப்போது நேராக நிற்கிறது. அதன் ஓரமாக வண்டி நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தகரத்தைப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன். மழை வந்தால் வண்டிகள் நனைகின்றன. நனையட்டும்.