மலையடிவாரத்தில் கொத்து ரொட்டி

காலை ஏழு மணிக்கு வாசலில் நான் முதலில் பார்த்தது ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு மலை நகரத்துக் கேபிள் காரில் ஏற ஆசை. மறுநாள் அவருக்கு ஊர் திரும்ப விமானம். கூட வரவிருந்த உறவினர்களில் கடைசிக் குடும்பமும் வந்து, நாங்கள் வசிக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து புறப்படப் பதினொரு மணியானது. யாரையும் விட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கமில்லை.

மலையடிவாரத்தில் இறங்கியதும் கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பை மூட்டிக் கொத்து ரொட்டி போடத் தொடங்கினார்கள்.

“எப்ப தம்பி மேல போறது?” என்றார் மாமியார்.

“மலை எங்க ஓடப்போகுது அன்ரி? முதல்ல சாப்பிடுங்கோ,” என்றார் சட்டிக்குப் பொறுப்பான அண்ணை.

மலை ஓடவில்லை. நாங்கள் சாப்பிட்டு எழும்புவதற்குள் ஐந்து மணியாகி, கேபிள் கார் நிறுத்தப்பட்டது. கேபிள் கார் நிலையத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் மாமியாரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தோம்.

அவருடைய விமானம் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.