நீலக்கொழுக்கி வெடி எறிவதில்லை

என் மருமகன் டொமினிக்கின் இடது கை மணிக்கட்டோடு போனது, அவன் என் மகள் சீலாவைக் கட்ட முதல். இறக்கக்கண்டிக்கு அங்காலே கடலில் டைனமைட் எறிந்து மீன் பிடித்துத் திரிந்தவன் அவன். திரியைக் கட்டையாக வெட்டினால்தான் மீன் ஓடித் தப்ப முதல் வெடிக்கும். கட்டையாக வெட்டினான். அது அவன் கையை விட்டுப் போக முதலே வெடித்துவிட்டது. கூடப் போனவன் வள்ளத்துக்குள் கிடந்த விரல்களைப் பொறுக்கிச் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினானாம், திரும்ப ஒட்டலாம் என்று. அந்தப் பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்த தாதிப்பிள்ளை மயங்கி விழுந்தாளாம்.

பக்கத்துக் கட்டிலில் மூதூர் ஸஹாப்தீன் கிடந்தான். மீன் யாவாரி, லொறி பிரண்டு கால் முறிந்தவன். இவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சோறும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்று கிடக்க, ஸஹாப்தீன் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தைத் தூக்கி அவன் நெஞ்சில் எறிந்தான்.

"டேய், இவனுக்கும் உன்னைப் போலத்தான். படிச்சுப் பார்."

அதுதான் நீலக்கொழுக்கி. டவுனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதின சரீப் என்ற மனிசன் கீறினது. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்க் கனகாலம். கதையில் வருகிறவன் பகலில் வள்ளம் திருத்துகிறவன். டைனமைட்டில் இடது கையை இழந்தவன். கை இருந்த இடத்தில் வளைந்த இரும்புக் கொழுக்கி மாட்டியிருப்பான். நீல முகமூடியைப் போட்டானென்றால் கடலுக்கடியில் மூச்சு விடுவான், ஒரு வள்ளத்தையே தனியாகப் புரட்டுவான். ஆனால் செத்தாலும் வெடியைத் தொடமாட்டான். ஆளையும் கொல்லமாட்டான். கெட்டவனைச் சேர்ட் கொலரில் கொழுக்கியால் கொழுவி இழுத்துவந்து, இறங்குதுறைக் கட்டையில் கருவாடு மாதிரித் தொங்கவிட்டுப் போவான், ஊர் பார்க்கட்டும் என்று. எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் படம் ஒன்றுதான். வீட்டில் தாய் சோறு போடுகிறாள். அவன் முகமெல்லாம் இரத்தம். தாய் ஒன்றும் கேட்பதில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. படம் தெரியும். அந்தக் கடைசிப் படத்தைப் பார்க்கத்தான் நான் மற்றப் பக்கங்களையெல்லாம் புரட்டுகிறனான்.

டொமினிக் ஆஸ்பத்திரியால் வந்த கையோடு வெல்டிங் கடைக்குப் போய்த் தனக்கும் ஒரு கொழுக்கி செய்வித்தான். பிறகு அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று, இனி வெடியைத் தொட்டால் மற்றக் கையும் போகட்டும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். தன் வள்ளத்தின் மூக்கில் நீலப் பெயின்றால் ஒரு கொழுக்கி கீறினான். அதைப் பார்த்து இன்னொருவன் கீறினான். பிறகு சம்பூர்ப் பக்கத்து வள்ளங்களிலும் வந்தது. நீலக்கொழுக்கி இருந்தால் அந்த வள்ளத்தில் டைனமைட் இல்லை என்று அர்த்தம்.

வெடியில் செத்த மீன் வெளியில் நல்ல வடிவாக இருக்கும். அமத்தினால் வயிறு கொழகொழவென்று உள்ளே போகும், முள்ளு நொறுங்கியிருக்கும். ஸஹாப்தீன் மற்றவர்களின் மீனை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்திப் பார்த்துத்தான் லொறியில் ஏற்றுவான். நீலக்கொழுக்கி வள்ளத்து மீனைத் தொட்டும் பார்க்கமாட்டான். கூடையோடு தூக்கிக் கொட்டுவான். டொமினிக் அவனைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

டொமினிக் சாது இல்லை. வெடி போடுகிறவனைக் கண்டால் துரத்திப் போய் அடிப்பான். சிந்துஜன் என்றொருவன், எங்கள் கரையில் வெடி போடுகிறவர்களுக்கு அவன்தான் தலைவன். ஒருமுறை இவன் கொழுக்கியால் அவன் கன்னத்தைக் காதுவரைக்கும் கிழித்துவிட்டான். அதற்கு அவன் துடுப்பால் அடித்து இவன் விலாவெலும்பு இரண்டை முறித்தான். சீலா மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசிக்கொண்டே ஒப்பாரி வைப்பாள். நான், அழாதே, உறைப்பாய் ஒரு சொதி வை என்று சொல்லுவன்.

இப்படியிருக்கத்தான் கொழும்பில் படித்த றொஷான் வந்தான். கமெராவும், பறக்கிற கமெராவும், கூட ஆறேழு பெடியளும். நீலக்கொழுக்கியைப் படமாக எடுக்கப் போறானாம். டொமினிக்கைப் பார்த்தவுடன் காலில் விழாத குறை.

"அண்ணை, நீங்கள் வேஷம் போடவே தேவையில்லை. முகமூடி மட்டும் போட்டாக் காணும்."

அந்தச் செய்தி கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பறந்தது. வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்று, முகமூடி கடல் நீலமோ வான நீலமோ, கொழுக்கி உள்ளுக்கு வளையுதோ வெளியில வளையுதோ என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியில் வளைகிறது என்று சொன்னவனை ஒருவன் என் கண் முன்னால் மூக்கில் குத்தினான். நான் றொஷானிடம் ஒன்றுதான் கேட்டனான்.

"தம்பி, தாய்க்கு ஆர் நடிக்கிறது?"

"தாயை வெட்டிப்போட்டன் அம்மம்மா. கதை இழுபடுது."

அன்றைக்கே எனக்கு அவனில் நம்பிக்கை போய்விட்டது.

கடைசிக் காட்சி எடுக்கிற அன்று டொமினிக் வள்ளத்தையும் முகமூடியையும் அங்கேயே விட்டுவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டான். பின்னால் றொஷான் ஓடிவந்தான்.

"அண்ணை, ஒரேயொரு எறி. வில்லன்ர போட் சிதற வேணும். இப்பத்தையப் பெடியளுக்கு ஒரு பெரிய வெடி இல்லாட்டிப் படமே இல்லை."

"அவன்ர கை போனதே வெடியாலதானடா. அவன் எப்பிடி எறிவான்?"

"புத்தகம் வேற, படம் வேற அண்ணை."

"அப்ப நீ வேற பேர் வை. வேற ஆளைப் பிடி."

றொஷான் பேரை மாற்றவில்லை. ஆளை மாற்றினான். அது எங்களுக்குத் தெரியாது.

படத்தைக் கோயில் மண்டபத்தில் போட்டார்கள், ஞாயிறு பூசை முடிந்த கையோடு. சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. மூன்று ஊர்ச் சனம். ஸஹாப்தீன் முன் வரிசையில் டொமினிக்குக்குப் பக்கத்தில் இருந்தான், பெருநாள் சேர்ட் போட்டுக்கொண்டு. டொமினிக் திரையில் வர வர, விசிலும் சத்தமும். வள்ளம் புரட்டினபோது கதிரைகளில் ஏறி ஆடினார்கள்.

பிறகு முடிவு வந்தது. முகமூடி போட்ட நீலக்கொழுக்கி வள்ளத்தில் எழும்பி நின்று திரியைக் கொளுத்தி எறிந்தான். கடல் வெள்ளையாய் எழும்பியது. அது கொம்பியூட்டர் வேலை இல்லை. தண்ணீர் அடங்க, சூரையும் பாரையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கடலில் வளர்ந்த சனத்துக்கு அது தெரியாதா?

கதிரைகளில் ஏறி நின்றவர்கள் இறங்கினார்கள். பின்னால் சிந்துஜனின் பெடியள் மட்டும் எழும்பி, "எங்கட ஆள்! எங்கட ஆள்!" என்று கத்தினார்கள்.

ஸஹாப்தீன் திரும்பி டொமினிக்கைப் பார்த்தான்.

"உண்மையான வெடிதானே மச்சான்?"

"காக்கா, அது நானில்லை."

"முகமூடி உன்ர. கொழுக்கி உன்ர. வள்ளம் உன்ர."

"நானில்லைக் காக்கா. அந்தோனியாராணை."

ஸஹாப்தீன் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தான். கதிரைக்கால் முறிந்து கண்ணுக்கு மேலே குத்தியது. டொமினிக் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடியையும் வாங்கினான். பிறகு மற்றவர்கள் பாய்ந்தார்கள். அவனைப் போல் நீலக்கொழுக்கி கீறி வைத்திருந்த ஆட்கள்தான் கூடுதலாக அடித்தார்கள். கீழே போட்டு மிதித்தார்கள். ஒருவன் சீலாவைத் தலைமயிரில் பிடித்து இழுத்த பிறகுதான் டொமினிக் எழும்பினான். அவனுடைய முன்பல் இரண்டும் பங்குச் சுவாமியாரின் மேசைக்குக் கீழே கிடந்ததைப் பிறகு கூட்டும்போது கண்டார்களாம். றொஷான் அதற்குள் பின் கதவால் போய்விட்டான்.

அடுத்த நாள் காலையில் கரைக்குப் போனால், வள்ளங்களின் மூக்கை ஆட்கள் கத்தியால் சுரண்டிக்கொண்டு நின்றார்கள். நீலத்தூள் மணலில் கிடந்தது. டொமினிக் ஒரு கண் மூடிப்போன முகத்தோடு விடியப்புறம் வலை இழுத்துவிட்டு வந்தான். ஸஹாப்தீன் அவன் கூடைக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு மீனை எடுத்துப் பெருவிரலால் வயிற்றை அமத்தினான். அதைப் போட்டுவிட்டு அடுத்ததை அமத்தினான்.

கதிரையால் அடித்தபோது அழாத டொமினிக் அப்போது அழுதான்.

அந்த நேரம் பார்த்துக் கடலில் "டும்" என்றது. பட்டப்பகல், கரைக்குக் கிட்ட, மீன் கூடுகிற கல்லுக்குப் பக்கத்தில். சிந்துஜனின் போட். நேற்றுவரைக்கும் அவன் அந்த இடத்துக்கு வரமாட்டான். இனி ஆர் தடுக்கிறது? நீலக்கொழுக்கியே எறிகிறானே!

டொமினிக் வள்ளத்தைத் தள்ளினான். நான் ஏறி இருந்துவிட்டன்.

"மாமி, இறங்குங்கோ."

"ஏலாது."

"மாமி, விளையாட்டில்லை."

"நானும் விளையாடேல்லை. எஞ்சினைப் போடு."

கிட்டப் போகச் சிந்துஜன் எழும்பி நின்றான். காதுவரை போன அந்தத் தழும்போடு சிரித்தான். குனிந்து நீல முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"டேய் ஒற்றைக் கையா! நான்தானடா நீலக்கொழுக்கி! உன்ர வள்ளத்தில ஏறி நிண்டு நான்தான் எறிஞ்சனான்! றொஷான் சொன்னான், உன்னைவிட நான் திறமாய் நடிக்கிறனாம்!"

கரையில் நின்ற சனம் அவ்வளவும் கேட்டது. ஸஹாப்தீன் கையில் மீனோடு எழும்பி நின்றதை நான் கண்டனான்.

சிந்துஜன் அடுத்த திரியைக் கொளுத்தினான், எங்களுக்குத்தான். டொமினிக் எஞ்சினை முறுக்கி நேரே அவன் போட்டின் நடுவில் கொண்டுபோய் இடித்தான். பலகை பிளந்தது. சிந்துஜன் சறுக்கினான். கையிலிருந்தது பின்பக்கம் விழுந்து தண்ணீரைத் தொட்டதும் வெடித்தது. என் காதில் இப்போதும் அந்தக் கூவல் இருக்கிறது. நான் வள்ளத்துப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டன். கண்ணைத் திறந்தால், அவன் போட் கவிழ்ந்து கிடக்குது. முகமூடி மிதக்குது. ஆள் இல்லை.

டொமினிக் கீழே பார்த்தான். ஒரு சொட்டு நேரம் பார்த்தான். அவன் போகாமல் விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டன், அது உண்மை. அவன் பாய்ந்தான்.

கனநேரம் போய் மேலே வந்தான். கொழுக்கி சிந்துஜனின் கொலரைக் கிழித்துக்கொண்டு தோள் சதைக்குள் இறங்கியிருந்தது. சிந்துஜனின் இரண்டு காதாலும் இரத்தம். நான் தலைமயிரில் பிடித்துத் தூக்கிவிட்டன், வயிற்றில் மிதித்துத் தண்ணீரை எடுத்தன்.

கரைக்கு வந்தால், நேற்று டொமினிக்கை மிதித்த அதே கால்கள் ஓடிவந்தன. "கொல்லு! அவனைக் கொல்லு!" ஒருவன் கல்லோடு, ஒருவன் கத்தியோடு. ஸஹாப்தீன் நங்கூரக் கம்பியோடு வந்தான்.

டொமினிக் சிந்துஜனை இழுத்துக்கொண்டுபோய், கிழியாமல் மிஞ்சியிருந்த சேர்ட்டைப் பிடித்து இறங்குதுறைக் கட்டையில் மாட்டினான். சிந்துஜன் கால் நிலத்தில் படாமல் தொங்கிக்கொண்டு சத்தி எடுத்தான். டொமினிக் அவனுக்கு முன்னால் திரும்பி நின்று கொழுக்கியைத் தூக்கினான்.

"ஆராவது இவனைத் தொட்டால், நான் அவனைக் கிழிப்பன்."

ஒருவரும் கிட்ட வரவில்லை. அவர்களுக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கம் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்த பக்கம். ஸஹாப்தீன் கம்பியைக் கீழே போட்டான். கொஞ்ச நேரத்தில் அவனே அம்புலன்சுக்கும் போன் அடித்தான். சிந்துஜனுக்கு இப்போது ஒரு காது கேளாது, உயிரோடு இருக்கிறான்.

அதற்குள் றொஷான் எங்கிருந்தோ கமெராவோடு முளைத்தான்.

"அண்ணை, வெளிச்சம் நல்லா இருக்கு. திரும்ப ஒருக்கா மாட்டேலுமோ? இதைத்தான் முடிவாய் வைப்பம்."

நான் வள்ளத்திலிருந்து துடுப்பை எடுத்து அவன் முழங்காலில் ஒன்று போட்டன். விழுந்தவனுக்கு முதுகில் இன்னொன்று.

"இது தாயை வெட்டினதுக்கு."

வீட்டுக்கு வந்து டொமினிக் குசினிக் கதிரையில் இருந்தான். நான் சோறு போட்டன், சூரைமீன் குழம்பு விட்டன். கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் இரத்தம் சோற்றுக் கோப்பைக்குள் சொட்டியது. சன்னலால் பார்த்தால், கரையில் ஸஹாப்தீன் நீலப் பெயின்ற் பேணியோடு எங்கள் வள்ளத்தின் மூக்கடியில் குந்திக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீறத் தெரியாது. கொழுக்கி வெளியில் வளைந்துகொண்டு போனது. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டன்.

புத்தகத்தில் தாய் ஒன்றும் கேட்பதில்லை. நான் கேட்டனான். புத்தகத்தில் இல்லாததைச் செய்தன் என்று ஆராவது சண்டைக்கு வந்தால் வரட்டும், துடுப்பு குசினி மூலையில்தான் கிடக்குது.

"தம்பி, நோகுதோ?" என்று கேட்டனான்.

"ஓம் மாமி," என்றான். "சரியாய் நோகுது. காக்காவுக்கும் ஒரு கோப்பை போடுங்கோ."