மைனஸ் மூன்று

அவரை எல்லாரும் 'முழு பேண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. பிறந்தநாள், பணி ஓய்வு விழா, ஹோட்டல் வரவேற்பறை என்று எங்கே கூப்பிட்டாலும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய் நிற்பார். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் போதும், டிரம்ஸ், பேஸ், வயலின் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பின்னாலேயே ஓடி வரும். பாடுவதற்கு மட்டும் மனைவி. கனத்த குரல் அவளுக்கு.

அந்தக் குரலுக்காகச் சுருதியை மூன்று படி இறக்கி வாசிப்பார். அதற்கென்று டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. விரல்கள் பழகிய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் ஏறும், இறங்கும். மேடையில் அதை அமுக்க மறந்து அவளிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதால், கீபோர்டைப் போட்டதுமே தானாக மைனஸ் மூன்றில் வந்து நிற்கும்படி பதிந்து வைத்துவிட்டார்.

"இனிமே நீங்க மறந்தாலும் பொட்டி என்னை மறக்காது" என்று அவள் சிரித்தாள்.

அவள் செத்த பிறகும் பெட்டி மறக்கவில்லை. சுவிட்சைத் தட்டியதும் சின்னத் திரையில் மைனஸ் மூன்று எரியும். அவள் பின்னால் வந்து நிற்பது அவருக்கு முதுகில் தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டார். பார்த்தால் இருக்கமாட்டாளே என்ற பயம்.

மைக்கை மகள் வாங்கிக்கொண்டாள். "கண்ணை மூடினா அப்படியே அம்மாதான்" என்று மெச்சினார்கள். ஊருக்கென்ன, மெச்சிவிட்டுச் சாப்பிடப் போய்விடும். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசித்தார். நிகழ்ச்சி முடிந்த மறுநாளெல்லாம் மகள் வெந்நீர் டம்ளரும் கையுமாக இருந்ததை மட்டும் அவர் பார்க்கவில்லை. பகல் முழுக்கப் போனில் பேசிப் பிழைக்கிற வேலை அவளுக்கு.

பழைய பெட்டி பாட்டின் நடுவே உறைந்துபோக ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் புதிது பார்க்கக் கிளம்பினார்கள். கடைக்காரர்கள் தொடுதிரையைக் காட்டினார்கள், ஆயிரம் வாத்தியம் என்றார்கள். அவர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "பழசுல பதிஞ்சதெல்லாம் இதுல அப்படியே வருமா?"

கடைசிக் கடையில் பதில் கிடைத்தது. "அதே கம்பெனியோட இந்தச் சின்னதுல ஏத்திடலாம் சார். அந்தப் பெருசு வேற கம்பெனி, அதுல ஏறாது. ஆனா சத்தத்துல அதை அடிச்சுக்க ஆளில்ல."

"சின்னதே போதும்" என்றார்.

"பெருசையும் சும்மா வாசிச்சுப் பாருங்களேன்பா" என்றாள் மகள்.

உட்கார்ந்தார். மனைவி எப்போதும் முதலில் பாடும் பாட்டுக்கு விரல்கள் தாமாகப் போயின. ஆனால் சத்தம் மேலே எங்கேயோ கேட்டது. புதுப் பெட்டிக்கு அவளைத் தெரியாதே! டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தேடினார்.

"இருங்கப்பா, அப்படியே வாசிங்க."

பாடினாள். மெல்லிய குரல், சிரமமே இல்லாமல் ஏறிப் போயிற்று. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். மனைவி வரவில்லை. யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தால் அது அவர் பெற்ற மகள்.

"தொண்டை வலிக்கலையாம்மா?"

"இதுல வலிக்கலப்பா."

"அப்ப இத்தனை நாளும்?"

மகள் கடையின் தரையைப் பார்த்தாள். "நீங்க கண்ணை மூடிட்டு வாசிப்பீங்கள்ல... அந்த நேரத்துல மட்டும்தான் பழைய அப்பாவா இருந்தீங்க."

பெரியதைக் கட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். பழையதை மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார்.

சாயங்காலம் மகள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பழைய பெட்டியின் எதிரே உட்கார்ந்தார். ஒரே ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். மைனஸ் மூன்று எரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவள் வந்தாள். அதே பாட்டை வாசித்தார்.

உள்ளேயிருந்து மனைவி பாடினாள். அதே கனம், அதே இழுப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டார். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

அடுத்த அடியின் கீழிறக்கத்தில் குரல் கரகரத்தது. மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே, கேட்ட சுருதிக்குப் பழக்கதோஷத்தில் மகள் தன் குரலை அமுக்கிப் பாடிக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

உள்ளே குரல் பாதியில் நின்றது. இருமிக்கொண்டே மகள் அறை வாசலுக்கு வந்தாள். "ஏம்பா நிறுத்திட்டீங்க?"

ஒயரைக் கையில் பிடித்தபடி அவர் அவளையே பார்த்தார். இப்போதுதான் யாரோ வந்து சேதி சொன்னதுபோல முகம் கோணிக்கொண்டது.

"உங்கம்மா செத்துப்போயிட்டாம்மா" என்றார்.