ஒரு முட்டை, இரண்டு தட்டு

பிளந்த ரொட்டிக்கு நடுவில் அரைவேக்காட்டு முட்டை, மேலே மிளகுத்தூள். அழுத்தினால் மஞ்சள் கரு ஓரமாக வழியும்... அதை ஒரு சொட்டு விடாமல் துடைத்துத் தின்றுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் அந்துவான் லாஸ்பேட்டை ஆபீசுக்கு ஸ்கூட்டரை எடுப்பார். கல்யாணமான புதுசில் எங்கள் காலை அப்படித்தான் விடியும்.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, "மஞ்சள் கரு வேணாம்மா, கொலஸ்ட்ரால்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வீட்டில் நான்தான் போலீஸ்.

அவித்த முட்டையை நூலால் அறுத்து வெள்ளையை அவர் தட்டில் வைப்பேன். மஞ்சளைக் குப்பையில் போட மனசு வராது. என் தட்டுக்கு வந்துவிடும். மனுஷன் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா தெரேஸ், ருசியா இருக்கா?"

"ஒண்ணும் இல்ல, மாவு மாதிரி இருக்கு. பேசாம சாப்புடுங்க."

பச்சைப் பொய்.

ஒரு ஈஸ்டர் காலை, பூசை முடிந்து வந்ததும் கெஞ்சினார். "தவக்காலம் பூரா வாயக் கட்டிக்கினு இருந்தேன்... இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு, முழுசா குடு."

எனக்குப் பயம். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அடுத்த ஈஸ்டருக்குப் பாக்கலாங்க."

கோபப்படவில்லை. வெள்ளையைத் தின்றுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஈஸ்டருக்கு அவர் இல்லை. நிமோனியா. "ஹார்ட் கடைசி வரைக்கும் நல்லாதான் இருந்துச்சும்மா" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த அழுகையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வேறென்ன சொல்ல.

போன வாரம் எனக்கு செக்கப். டாக்டர் சின்னப் பெண். "ஆன்ட்டி, தெனம் ஒரு முட்டை சாப்புடுங்க. மஞ்சளோட."

அவர் கதையைச் சொன்னேன்.

"அப்ப எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க ஆன்ட்டி. இப்பன்னா எண்ணெய், நெய்யைக் குறைக்கச் சொல்லிட்டு, வாரத்துல ரெண்டு மூணு முழுசாவே சாப்புட விட்டிருப்போம்."

ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு முட்டை... கொடுத்திருக்கலாம்.

இன்று காலை ஒன்று அவித்தேன். பழக்கதோஷம், கை தானாக நூலைத் தேடியது. வெள்ளையை எதிர்த் தட்டில் வைத்துவிட்டு மஞ்சளை வாயில் போட்டேன். எதிரே கேட்க ஆளில்லை.

ருசியா இருக்குங்க... ரொம்ப ருசியா இருக்கு.